விழப்போகிற ஊரில் ஒரு கிரயம்

யூதாவின் ராஜா சிதேக்கியா ஆட்சியின் 10-ஆம் ஆண்டு. நம் கணக்கில் கி.மு. 588 அல்லது 587. எருசலேமின் மதிலை எட்டும் அளவுக்குப் பாபிலோன் படை மண்மேடு போட்டுவிட்டது. உள்ளே சாப்பாடு நாளுக்கு நாள் குறைகிறது. மதிலைப் பலப்படுத்த வீடுகளையே இடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அரண்மனையின் காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருந்த ஒருவர் நிலம் வாங்குகிறார். நிலம் நகரத்துக்குள் இல்லை. வடகிழக்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தள்ளி, ஆனதோத் என்கிற கிராமத்தில். எதிரிப் படை கூடாரம் அடித்திருக்கும் சுற்றுப்புறத்தில். விலை 17 சேக்கல் (அந்தக் கால எடை) வெள்ளி.

வாங்கியவர் தீர்க்கதரிசி எரேமியா. இந்த ஊர் விழும் என்று 40 ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அதைச் சொன்னதற்காகத்தான் ராஜா அவரை உள்ளே வைத்திருந்தான். அங்கே நிலத்தின் மதிப்பு பூஜ்யம் என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் இவருக்குத் தெரியும்.

இதைச் சொல்லும், வேதாகமத்தின் எரேமியா புத்தகம் 32-ஆம் அதிகாரத்தை நான் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் இதை ‘விசுவாசத்தின் செயல்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பாதாளக் கிணறு, அடிமை நுகம், குயவன் வீடு என்று எரேமியாவிடம் சொல்வதற்கு நல்ல கதைகள் நிறைய இருப்பதால், இந்த நில விவகாரம் பின்வரிசைக்குப் போய்விடும். அப்பா இறந்த பிறகு குடும்பச் சொத்தைப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் இந்த அதிகாரம் எனக்கு வேறு மாதிரிப் படிந்தது. இரும்புப் பெட்டியிலிருந்து பழைய பத்திரங்களை எடுத்து விரித்தோம். விற்றவர், வாங்கியவர், எல்லைகள், சாட்சிகள், எழுதியவர் பெயர். அந்த மொழியில் உணர்ச்சிக்கு இடமே கிடையாது. அன்று இரவு எரேமியாவை எடுத்துப் படித்தால் அதே மொழி. வெள்ளியைத் தராசில் நிறுத்தான், பத்திரம் எழுதினான், முத்திரை போட்டான், சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். வேதாகமத்தில் ஒரு சொத்துக் கிரயம் இவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகியிருக்கும் இடம் வேறு அதிகம் இல்லை. ஆபிரகாம் சாராளை அடக்கம்பண்ண மக்பேலா குகையை 400 சேக்கலுக்கு வாங்கிய கதை ஒன்று உண்டு. அதிலும் பேரம் இருக்கிறது, பத்திரம் இல்லை.

முதலில் விற்றவனைப் பார்ப்போம். அனாமெயேல், சல்லூமின் மகன், எரேமியாவுக்குப் பெரியப்பா மகன். “ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான்” என்று முற்றத்துக்கே வந்து கேட்கிறான். லேவியராகமம் 25-இல் உள்ள சட்டம் அது. ஒருவன் நொடித்துப்போய் நிலத்தை விற்க வேண்டி வந்தால், சொத்து குலத்தை விட்டுப் போகாதபடி நெருங்கிய உறவினன் அதை மீட்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் அனாமெயேல் சரியாகத்தான் கேட்கிறான். ஆனால் எப்போது கேட்கிறான் பாருங்கள். நிலத்தின் மேல் எதிரிப் படை நிற்கும்போது. அதை வெள்ளியாக மாற்றினால் முற்றுகையில் ரொட்டியாவது வாங்கலாம். வாங்குகிறவனுக்கு என்ன கிடைக்கும்? ஒரு கற்றைத் தாள். ஜெயிலில் இருக்கும் சொந்தக்காரனிடம் தலையில் கட்டப் பார்க்கும் பங்காளியை நமக்குத் தெரியாதா என்ன.

இன்னும் இருக்கிறது. ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர்தான், ஆனால் அவரைக் கொல்லச் சதி செய்த ஊரும் அதுவே. 11-ஆம் அதிகாரத்தில் அது வருகிறது. கர்த்தரின் நாமத்தில் இனி தீர்க்கதரிசனம் சொல்லாதே, சொன்னால் எங்கள் கையால் சாவாய் என்று ஆனதோத்தின் மனுஷர் மிரட்டுகிறார்கள். அடுத்த அதிகாரத்தில் கர்த்தரே அவரை எச்சரிக்கிறார்: உன் சகோதரரும் உன் தகப்பன் வீட்டாரும்கூட உனக்குத் துரோகம் பண்ணுகிறார்கள், அவர்கள் இனிமையாகப் பேசினாலும் நம்பாதே என்று. அனாமெயேலும் அந்தத் தகப்பன் வீட்டைச் சேர்ந்தவன்தான். அவனுக்கு அந்தச் சதியில் பங்கு இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் அவன் நுழைந்ததும் எரேமியாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனதோத் நிலத்துக்கே ஒரு பழைய கதை உண்டு. சாலொமோன் ராஜாவானபோது, எதிர்த்தரப்பில் நின்ற ஆசாரியன் அபியத்தாரை எருசலேமிலிருந்து துரத்தி, ஆனதோத்தில் உள்ள உன் நிலங்களுக்குப் போ என்று அனுப்பினான். தண்டனையாகக் கிடைத்த ஊர். எரேமியா அந்த ஆசாரியர் குடும்பத்தின் வழியில் வந்திருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உறுதியாக நிறுவ வழியில்லை, ஆனாலும் எனக்கு அந்த எண்ணம் பிடித்திருக்கிறது. இன்றைக்கு அந்தப் பகுதியில் அனாதா என்ற பாலஸ்தீன ஊர் பழைய பெயரைச் சுமந்து நிற்கிறது. யார் நிலம், யார் பத்திரம் என்ற கேள்வி அங்கே இன்னும் தீரவில்லை.

எரேமியா கைதானதற்கும் ஒரு சொத்து விஷயமே காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எகிப்தின் படை வருகிறது என்று கேள்விப்பட்டுப் பாபிலோனியர் கொஞ்ச நாள் முற்றுகையைத் தளர்த்தினார்கள். அந்த இடைவெளியில் எரேமியா தன் பங்கைப் பெற்றுக்கொள்ள, ஆனதோத் இருக்கும் பென்யமீன் நாட்டுக்குக் கிளம்பினார். வாசலில் யெரியா என்ற காவல் அதிகாரி பிடித்துக்கொண்டான். “நீ கல்தேயரிடம் ஓடிப்போகிறாய்” என்றான் (கல்தேயர் என்றால் பாபிலோனியர்தான்). இல்லை என்றதை அவன் கேட்கவே இல்லை. அடி, நிலவறை, அப்புறம் ராஜாவின் தயவில் காவற்சாலை முற்றம். அப்பம் சுடுகிறவர்களின் தெருவிலிருந்து தினம் ஓர் அப்பம், ஊரில் அப்பம் இருக்கும்வரை. அந்தத் தெருவின் பெயரை 37-ஆம் அதிகாரம் ஏன் விடாமல் சொல்கிறது என்று தெரியாது. பசித்திருந்தவர்களுக்கு அந்தத் தெரு மறந்திருக்காது, அவ்வளவுதான்.

சரி, பத்திரத்துக்கு வருவோம். இரண்டு பிரதிகள்: ஒன்று முத்திரை போட்டது, மற்றொன்று திறந்தது. பண்டைய கிழக்கில் பரவலாக இருந்த முறை இது. ஒரே தாளில் வாசகத்தை இருமுறை எழுதி, மேல் பாதியைச் சுருட்டி நூலால் கட்டி, களிமண் உருண்டை வைத்து முத்திரை குத்திவிடுவார்கள். கீழ்ப் பாதி யாரும் படிக்கத் திறந்திருக்கும். வழக்கு வந்தால் நீதிபதி முன் முத்திரையை உடைத்து இரண்டையும் ஒத்துப் பார்க்கலாம். எரேமியாவுக்கு 700 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வழக்கம் இருந்தது. 1960, 61-இல் சாக்கடல் ஓரக் குகை ஒன்றில் யிகாயேல் யாதீன் குழு கண்டெடுத்த பபத்தா என்ற யூதப் பெண்ணின் சொத்துப் பத்திரங்களில் பல இப்படி இரட்டைப் பத்திரங்களே.

எரேமியா அந்தப் பிரதிகளை தன் எழுத்தரான, நேரியாவின் மகன் பாருக்கிடம் கொடுக்கிறார், முற்றத்தில் உட்கார்ந்திருந்த யூதர் எல்லாரும் பார்க்க. நெடுநாள் நிற்கும்படி இவற்றை ஒரு மண்பாண்டத்தில் வை என்கிறார். மண்பாண்டத்தில் தோல் சுருளை வைத்தால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைச் சாக்கடல் ஓரக் கும்ரானில் 1947-இல் பார்த்தோம்: 2000 ஆண்டு.

எருசலேமின் நிஜப் பத்திரங்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் ஓரளவு தெரியும். தாவீதின் நகரம் எனப்படும் பகுதியில் 1982-இல் யிகால் ஷிலோவின் அகழாய்வில், பாபிலோனியர் எரித்த ஒரு கட்டடத்திலிருந்து 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவை கட்டியிருந்த தாள்களெல்லாம் சாம்பல். ஆனால் அந்த நெருப்பே களிமண்ணைச் சுட்டுக் கெட்டியாக்கிவிட்டது. அதனால்தான் அவை நம் கைக்கு வந்தன. அவற்றில் ஒன்றில் ‘சாப்பானின் மகன் கெமரியா’ என்று இருக்கிறது. எரேமியா 36-இல் பாருக் சுருளைப் படித்த அறைக்குச் சொந்தக்காரர் பெயர் அது. (பாருக்கின் பெயரோடு 1970-களில் பழம்பொருள் சந்தைக்கு வந்த முத்திரை ஒன்று சபைகளில் இன்னும் சான்றாகக் காட்டப்படுகிறது. அது போலி என்று பிற்கால ஆய்வு சொல்லிவிட்டது. நல்ல விஷயத்துக்கும் பொய்ச் சாட்சி வேண்டாம்.)

இந்த அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கிரயம் முடிந்த பிறகுதான் வருகிறது. பத்திரத்தைப் பாருக்கிடம் கொடுத்துவிட்டு எரேமியா ஜெபம் பண்ணுகிறார். அது ஒரு வினோதமான ஜெபம். உம்மால் செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை என்று கம்பீரமாகத் தொடங்குகிறது. வானம், பூமி, எகிப்தின் அற்புதங்கள், பாலும் தேனும் ஓடும் நாடு என்று வரலாறு முழுவதும் போகிறது. ஜனங்கள் கேட்கவில்லை, அதனால் இந்தத் தீங்கு வந்தது என்கிறார். மண்மேடுகளைப் பாரும் என்கிறார். கடைசியில், ஏதோ தொண்டையில் அடைத்துக்கொண்டது போல: நகரம் கல்தேயர் கையில் போகிறது, நீரோ சாட்சிகளை வைத்து நிலம் வாங்கு என்று என்னிடம் சொன்னீரே. அங்கே முடிந்துவிடுகிறது. எந்த வேண்டுதலும் இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்றுகூட வாய்விட்டுக் கேட்கவில்லை.

கதையின் தொடக்கத்தில் இன்னொரு சிறிய விஷயம் உண்டு. அனாமெயேல் வந்து நிலத்தை வாங்கச் சொல்வான் என்று கர்த்தர் முன்கூட்டியே எரேமியாவிடம் சொல்லியிருந்தார். அவன் வந்து நின்றபோதுதான், இது கர்த்தரின் வார்த்தை என்று அறிந்துகொண்டேன் என்கிறார் எரேமியா. 40 ஆண்டு தீர்க்கதரிசிக்கே, கேட்ட குரல் யாருடையது என்பது பங்காளி வாசலில் வந்து நின்ற பிறகுதான் உறுதியாகிறது. ‘ஆண்டவர் என்னிடம் சொன்னார்’ என்று மேடையில் தடங்கலில்லாமல் பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம் நினைவுக்கு வரும்.

எரேமியா புத்தகத்தில் மீட்சியைப் பேசும் பகுதிகள் பிற்காலத்தில், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து ஜனங்கள் திரும்பி வந்த பிறகு சேர்க்கப்பட்டவை என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். எரேமியாவின் கிரேக்கப் பிரதி எபிரெயப் பிரதியைவிட ஏறக்குறைய 8-இல் ஒரு பங்கு சிறியது, 33-ஆம் அதிகாரத்தின் பின்பாதி அதில் இல்லவே இல்லை. ஆக, நூல் வளர்ந்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த நிலக் கதை பின்னால் யாரோ கட்டியதாக எனக்குப் படவில்லை. கட்டுகிறவன் தன் தீர்க்கதரிசியை இவ்வளவு குழம்ப விடமாட்டான்.

அந்த ஜெபத்துக்குப் பதில் வருகிறது. எரேமியா சொன்ன வரியையே எடுத்துக் கேள்வியாகத் திருப்பித் தருகிறார் கர்த்தர்: என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ? நாம் இந்த வசனத்தைச் சுவரில் மாட்டுகிறோம். அதற்கு அடுத்து வரும் வசனங்களை மாட்டுவதில்லை. ஏனென்றால் அடுத்து ஆறுதல் வருவதில்லை. தீர்ப்புதான் மறுபடியும் வருகிறது, முன்பைவிட விரிவாக. இந்த நகரத்தைக் கல்தேயர் கையில் கொடுக்கிறேன், எந்த வீட்டு மாடிகளில் பாகாலுக்குத் தூபம் காட்டினார்களோ அந்த வீடுகள் எரியும், பிள்ளைகளை நெருப்பில் பலியிட்டார்களே என்று நீள்கிறது. நிலம் வாங்கச் சொன்னதால் தீர்ப்பில் ஒரு வரிகூடக் குறையவில்லை. அதன் பிறகுதான், பட்டயத்துக்கும் பஞ்சத்துக்கும் கொள்ளைநோய்க்கும் இந்த ஊர் போய்விட்டது என்று நீங்களே சொல்கிறீர்களே, அதே ஊரைப் பற்றி நான் சொல்வதைக் கேளுங்கள் என்று பேச்சு திரும்புகிறது. சிதறினவர்களைத் திரும்பக் கூட்டிவருவேன், அவர்களுக்கு நன்மை செய்வதில் சந்தோஷப்படுவேன், என் முழு இருதயத்தோடும் என் முழு ஆத்துமாவோடும் அவர்களை இந்தத் தேசத்தில் நடுவேன் என்கிறார். கடவுளை முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் நேசி என்று மனிதனுக்குச் சொன்னது உபாகமம். இங்கே அந்தச் சொற்கள் எதிர்த்திசையில் வருகின்றன.

முடிவில் எதைக் காட்டுகிறார் தெரியுமா? பொன் தெருக்கள் இல்லை, ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து மேய்வது இல்லை. அதெல்லாம் ஏசாயாவிலும் வெளிப்படுத்தலிலும் பார்த்துக்கொள்ளலாம். இங்கே 44-ஆம் வசனம்: நிலங்களை விலைக்கு வாங்குவார்கள், பத்திரம் எழுதுவார்கள், முத்திரை போடுவார்கள், சாட்சி வைப்பார்கள். எங்கே? பென்யமீன் நாட்டில், எருசலேமின் சுற்றுப்புறத்தில், யூதாவின் பட்டணங்களில், மலைநாட்டில், பள்ளத்தாக்கில், தெற்கில். சார்பதிவாளர் அலுவலகங்களின் பட்டியல் மாதிரி இருக்கிறது. போர் முடிந்த ஊரில் இயல்பு திரும்பிவிட்டது என்பதை எப்படி அறிவது? மக்கள் மறுபடி நிலத்தை வாங்கவும் விற்கவும் துணிவார்கள். பத்தாண்டு கழித்தும் இந்த எல்லைக்கல் இங்கேயே இருக்கும் என்று நம்புகிறவன்தானே பத்திரம் எழுதுவான்.

அடுத்த அதிகாரத்தில் இன்னொன்று கவனித்தேன். மணவாளனின் சத்தமும் மணவாட்டியின் சத்தமும் இந்த ஊரில் இல்லாமல் போகும் என்று எரேமியா முன்பு மூன்று இடங்களில் சொல்லியிருந்தார், 7, 16, 25-ஆம் அதிகாரங்களில். 33-இல் அதே சொற்றொடரை எடுத்து, அது மறுபடியும் கேட்கும் என்கிறார். தண்டனையின் சொற்களை அழிக்காமல் அவற்றிலேயே மீட்சியை எழுதுகிறார். முதல் அதிகாரத்தில் அவருக்குக் கொடுத்த வேலையும் அப்படித்தான்: பிடுங்கு, இடி, அழி, கவிழ், கட்டு, நாட்டு. ஆறு வேலைகள், நான்கு இடிக்க, இரண்டு கட்ட. இந்தக் கணக்கை மாற்றி, கட்டுவதை மட்டும் பேசியவர்களும் அந்த ஊரில் இருந்தார்கள்.

அனனியா என்ற தீர்க்கதரிசி அப்படிப்பட்டவர். 28-ஆம் அதிகாரம். எரேமியா தன் கழுத்தில் மர நுகத்தைப் போட்டுக்கொண்டு, பாபிலோனுக்குப் பணியுங்கள் என்று சொல்லித் திரிகிறார். அனனியா ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். இரண்டே ஆண்டு, எல்லாம் திரும்பி வரும் என்கிறார். எரேமியாவின் பதில்: ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக. இதை நக்கல் என்று சிலர் படிக்கிறார்கள். எனக்கு அது நிஜமாகவே ஆசைப்பட்டுச் சொன்ன ஆமென் என்று தோன்றுகிறது. தான் சொல்வது பொய்யாகப் போனால் அவரைவிடச் சந்தோஷப்படுகிறவர் யார்? சமாதானம் வரும் என்று சொல்கிறவனை, அது நடந்த பிறகுதான் நம்ப முடியும் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுகிறார். பிறகு கர்த்தரின் வார்த்தை வருகிறது. மர நுகத்தை உடைத்தாய், இரும்பு நுகத்தை வருவித்தாய். அதே ஆண்டில் அனனியா இறந்துபோகிறார்.

அதே காலத்தில்தான், ஏற்கெனவே சிறைபிடிக்கப்பட்டுப் பாபிலோனுக்குப் போயிருந்தவர்களுக்கு எரேமியா கடிதம் எழுதுகிறார். சிதேக்கியா பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் அனுப்பிய தூதர்கள் கையிலேயே அது போகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள், 70 ஆண்டு ஆகும். அதற்கு அடுத்து வருவதுதான், தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அநேகமாக ஒவ்வொரு சுவரும் பார்த்திருக்கும் வசனம்: “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது இது வந்தால் முகமெல்லாம் மலரும். இந்த ஆண்டு வேலை கிடைக்கும், கடன் தீரும், மகளுக்கு வரன் அமையும். அதை நான் பரிகசிக்கவில்லை, நானும் அந்த வரிசையில் நின்று எடுக்கிறவன்தான். ஆனால் அந்தக் கடிதத்தை முதலில் வாசித்த 40 வயதுக்காரர், தான் ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்று அந்த நொடியில் புரிந்துகொண்டிருப்பார். எரேமியா 29:11-ஐ அட்டையில் அடிக்கிறவர்கள் 29:10-ஐயும் சேர்த்து அடித்தால் விற்பனை ஆகாதுதான்.

அந்த மக்கள் கடிதத்தில் சொன்னதைச் செய்தார்கள் என்பதற்குப் பாபிலோனின் களிமண் பலகைகளே சாட்சி. ‘யூதாவின் நகரம்’ என்ற பொருளில் ஆல்-யாகூது எனப்பட்ட ஒரு குடியிருப்பு மெசொப்பொத்தாமியாவில் இருந்தது. அதைச் சேர்ந்த பலகைகள் முறையான அகழாய்வில் கிடைக்கவில்லை, பழம்பொருள் சந்தை வழியாக வந்தவை, 2014-இல் விரிவாகப் பதிப்பிக்கப்பட்டன. மிகப் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது, எருசலேம் விழுந்து ஏறக்குறைய 15 ஆண்டுக்குப் பிறகு. அவற்றில் கர்த்தரின் பெயரைத் தங்கள் பெயரில் சுமந்தவர்கள் குத்தகை எடுக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், கடன் வாங்குகிறார்கள், பேரீச்சையும் வாற்கோதுமையும் பயிரிடுகிறார்கள். கவிதையே இல்லாத ஆவணங்கள். ஆனால் எழுபது ஆண்டுகளை ஒரு ஜனம் எப்படிக் கடந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்க்கவில்லை.

இதற்கிடையில் எருசலேம் விழுந்தது, கி.மு. 587-இல். 586 என்கிறவர்களும் உண்டு. யூதாவின் பட்டணமான லாகீசில் 1935-இல் கிடைத்த மட்பாண்டத் துண்டுக் கடிதம் ஒன்று அந்தக் கடைசிக் காலத்தின் மூச்சை வைத்திருக்கிறது. லாகீசின் தீக்குறிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவை எங்களால் பார்க்க முடியவில்லை என்று ஒரு காவல் நிலையத்து ஆள் எழுதுகிறான். லாகீசும் அசெக்காவும் மட்டுமே மிஞ்சியிருந்த அரணான பட்டணங்கள் என்று எரேமியா 34 சொல்கிறது. பாபிலோனியத் தளபதி நேபுசராதான் ஆலயத்தை எரித்தான். எரித்த கையோடு, ஒன்றுமில்லாத ஏழைகளுக்குத் திராட்சத் தோட்டங்களையும் வயல்களையும் கொடுத்தான். எரேமியாவின் நிலத்தையும் யாரோ ஒரு ஏழை உழுதிருக்கலாம். தப்பில்லை, சும்மா கிடப்பதற்கு அது மேல்.

மீட்சி வந்தபோது அது பிரமாண்டமாக வரவில்லை. கி.மு. 539-இல் பாரசீக ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான். 1879-இல் கண்டெடுக்கப்பட்ட அவனுடைய களிமண் உருளையில், தெய்வங்களை அவற்றின் இடங்களுக்குத் திருப்பி அனுப்பியதாகப் பெருமை பேசுகிறான். யூதாவின் பெயர் அதில் இல்லை. பேரரசின் பொதுக் கொள்கையில் ஓர் ஓரத்தில் யூதரும் நுழைந்துகொண்டார்கள். பலர் திரும்பவே இல்லை, ஆல்-யாகூதில் பலகைகள் தொடர்ந்து எழுதப்பட்டன. திரும்பியவர்கள் ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த முதியவர்கள் வாய்விட்டு அழுதார்கள், இளையவர்கள் ஆர்ப்பரித்தார்கள், எது எந்தச் சத்தம் என்று பகுத்தறிய முடியவில்லை என்கிறது எஸ்றா. கட்டி முடித்தது கி.மு. 515-இல். அண்டை அயலாரோடு தகராறு, பஞ்சம், வரிச்சுமை, நிலத்தை அடகு வைத்த கதைகள் எல்லாம் நெகேமியாவில் இருக்கின்றன. தாவீதின் சிங்காசனம் திரும்பவில்லை. எரேமியா 33-ஐ எழுத்துக்கு எழுத்து எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கும். அந்த ஏமாற்றத்திலிருந்துதான் பிற்கால எதிர்பார்ப்புகள் பலவும் முளைத்தன. அது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

எஸ்றா 2-ஆம் அதிகாரத்தை யாரும் தியானத்துக்கு எடுப்பதில்லை. வெறும் பெயர்ப்பட்டியல், திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கை. குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராக. 23-ஆம் வசனம்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். நெகேமியா 7-இலும் அதே 128.

இப்போது எரேமியா 11-க்குத் திரும்பிப் போங்கள். தன்னைக் கொல்லப் பார்த்த ஆனதோத்தாரைப் பற்றி அவர் வழியாக வந்த தீர்ப்பின் கடைசி வரி: அவர்களில் மீதியானவர்கள் இல்லாமல் போவார்கள். ஒருவரும் மிஞ்சமாட்டார்கள் என்று சொல்லப்பட்ட ஊரிலிருந்து 128 பேர். தீர்க்கதரிசனம் பொய்த்துவிட்டதா? தீர்ப்பு அந்தச் சதிகாரர்களோடு நின்றது, பிள்ளைகளுக்குப் போகவில்லை என்று விளக்கலாம். விளக்கவுரைகளில் அப்படிச் சமாதானம் சொல்லவும் முடியும். எனக்கு அந்தச் சமாதானங்களில் பெரிய ஆர்வம் இல்லை. அழிவைச் சொன்னவர் அந்த ஊரில் நிலம் வாங்கியிருந்தார். தன்னைக் கொல்லத் தேடியவர்களின் ஊரில் இன்னும் வாங்கவும் விற்கவும் ஆள் இருப்பார்கள் என்று வெள்ளி நிறுத்துக் கொடுத்திருந்தார். 11-ஆம் அதிகாரத்தையும் 32-ஐயும் ஒரே கைதான் எழுத வைத்தது என்றால், அந்த 128 பேரைப் பார்த்து நான் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

எரேமியா அவர்களைப் பார்க்கவில்லை. நகரம் விழுந்த பிறகு, பாபிலோன் நியமித்த ஆளுநர் கெதலியாவைச் சிலர் கொன்றார்கள். பயந்துபோன கூட்டம் எரேமியாவையும் பாருக்கையும் அவர்கள் விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே தகபானேஸ் என்ற ஊரில் இருந்து அவர் பேசிய பேச்சுகள் இருக்கின்றன, அப்புறம் அவர் பதிவுகளில் இல்லை. நிலத்தில் ஒரு நாளும் கால் வைத்ததாகத் தகவல் இல்லை.

அந்த நிலம் யாருக்குப் போயிருக்கும்? சட்டப்படி பார்த்தால் இதற்கு ஒரு பதில் உண்டு. எரேமியாவுக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை, கல்யாணமே பண்ணாதே என்று 16-ஆம் அதிகாரத்தில் கட்டளை. பிள்ளையில்லாதவனின் சொத்து சகோதரருக்கு, அவர்களும் இல்லாவிட்டால் தகப்பனுடைய சகோதரருக்குப் போக வேண்டும் என்கிறது எண்ணாகமம் 27. எரேமியாவுக்கு உடன்பிறந்தவர் யாரும் மிஞ்சியிருக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், அடுத்த உரிமை பெரியப்பா சல்லூமின் வீட்டுக்கு. அதாவது அனாமெயேலின் வீட்டுக்கு. 17 சேக்கலையும் முற்றத்திலேயே எண்ணி வாங்கிக்கொண்டு போனவனின் பேரப்பிள்ளை ஒருவன் அந்த 128 பேரில் இருந்திருந்தால், நிலமும் அவனுக்கே.